விண்கலம் தகிப்பது உராய்வினால் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் காண்பது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்த என் பேத்தி, அன்று மாலையே என்னை மொட்டை மாடிக்கு இழுத்துச் சென்றாள். முருகேஷ்பாளையாவில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்களுக்குப் பஞ்சம் இல்லை. இருந்தும், தென்மேற்கில் எழுந்து, மினுக்காமல், சத்தமில்லாமல், வெள்ளிக்கோளைப் போன்ற பிரகாசத்துடன் வடகிழக்கு நோக்கிச் சென்ற அந்தப் புள்ளியை அவள் உடனே இனங்கண்டுகொண்டாள். பாதி வானத்தைக் கடந்ததும் அது சற்றே செந்நிறமாகி அணைந்துவிட்டது. "தாத்தா, விழுந்துடுச்சா?" என்றாள். அந்தக் கேள்விக்குக் கட்டுரையில் விடை தேடியபோதுதான், அதில் உள்ள இரண்டு கருத்துகளைத் திருத்தாமல் விட்டால் தவறாகும் என்று தோன்றியது.

முதலில், கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று. எங்கள் அடுத்த வீட்டுக்காரர் நள்ளிரவு வரை கழுத்து வலிக்கக் காத்திருந்து ஏமாந்தார். நிலையத்துக்கு நம் கண்ணை எட்டும் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் மீது படும் சூரிய ஒளியைத்தான் நாம் காண்கிறோம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருப்பதால், நமக்கு இருட்டிய பிறகும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரை அதற்கு வெயில் இருக்கும். விடியலுக்கு முன்பும் அப்படியே. நள்ளிரவில் அது நம் தலைக்கு மேலேயே சென்றாலும், பூமியின் நிழலுக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. என் பேத்தி பார்த்த சிவப்பும் அணைவும் அந்த நிழலுக்குள் அது நுழைந்த கணம்தான்.

அது விழுந்துவிட்டதா என்ற கேள்விக்கு, "ஆமாம், விழுந்துகொண்டேதான் இருக்கிறது" என்றே பதில் சொன்னேன். அந்த உயரத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால் நிலையம் மிதக்கிறது என்று கட்டுரை கூறுகிறது. உண்மையில் அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 விழுக்காடு இருக்கிறது. நிலையம் நொடிக்கு 7.66 கி.மீ. பக்கவாட்டில் பாய்கிறது, அதே நொடியில் சுமார் 4.3 மீட்டர் கீழே விழுகிறது. ஆனால் பூமியின் வளைவும் அந்தத் தொலைவில் அதே 4.3 மீட்டர் விலகிச் சென்றுவிடுகிறது. எனவே விழுந்தும் தரையைத் தொடுவதில்லை. அந்த வேகத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பெங்களூருக்கு நேர் மேலிருந்து சென்னைக்கு நேர் மேலே செல்ல அதற்கு முக்கால் நிமிடம்கூடத் தேவையில்லை. சதாப்திக்கோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

இரண்டாவது பிழை, பாடநூல்களிலும் தொலைக்காட்சிகளிலும் வேரூன்றிவிட்ட ஒன்று என்பதால் அதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். திரும்பும் விண்கலம் "காற்றுடன் உராய்ந்து" தீப்பிழம்பாகிறது என்கிறது கட்டுரை. உராய்வுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரும்பங்கு அதனுடையது அன்று. முன்னால் கிடக்கும் காற்றுக்கு, "வருகிறேன், விலகு" என்று ஒரு பொருள் சேதி அனுப்பும் வேகமே ஒலியின் வேகம். தரைமட்டத்தில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைவிட வேகமாக வரும் பொருளுக்கு முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது. நசுங்கிய காற்றின் எல்லையே அதிர்ச்சி அலை. 2020 மே 20 அன்று நண்பகலுக்குப் பின் பெங்களூரையே திடுக்கிட வைத்த அந்தப் பெருஞ்சத்தத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒலியை விஞ்சிப் பறந்த விமானப்படை விமானம் ஒன்றின் அதிர்ச்சி அலைதான் அது என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. (ஒலியின் வேகத்தைத் தாண்டும் கணத்தில் ஒரே ஒரு முறைதான் சத்தம் எழும் என்று பலர் எண்ணுகிறார்கள். விமானம் அந்த வேகத்தில் செல்லும் தூரமெல்லாம் அலையையும் இழுத்துக்கொண்டே போகிறது. அது நம்மைக் கடக்கும்போது நமக்குக் கேட்கிறது, அவ்வளவே.)

நசுங்கிய காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதற்கு வாஷர் உரசுவதைவிடக் காற்று அமுங்குவதே முக்கியக் காரணம். டீசல் இன்ஜினில் தீப்பொறியே இல்லாமல் எரிபொருள் பற்றிக்கொள்வதும் இதனால்தான். நான், விமானம், விண்கலம் ஆகியவற்றின் சிறு மாதிரிகள் மீது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தொட்டிகளில் நெடுநேரம் அடைத்து வைத்த காற்றைச் சில நொடிகளில் திறந்துவிட்டு, ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் மாதிரியின் மீது பாயச் செய்வோம். 27 பாகை செல்சியஸில் தொட்டியில் இருந்த காற்று, அந்த வேகத்தை அடையும்போது சுழியத்துக்குக் கீழே 160 பாகைக்கும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதனால் ஈரத்தை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்காவிட்டால் சுரங்கத்துக்குள் மூடுபனி கட்டிவிடும். அதே காற்று மாதிரியின் மூக்கில் மோதி நின்றதும் மீண்டும் 27 பாகையை எட்டிவிடும். உரசியதால் வந்த சூடு அன்று அது. ஓடிய காற்று நின்றதால் வந்தது. எங்கள் சுரங்கத்தில் மூன்று மடங்கு. திரும்பும் விண்கலத்துக்கோ ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. அந்த வேகத்தில் கலத்தின் ஒவ்வொரு கிலோவும் தாங்கி வரும் ஆற்றல், ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தினுடையதைப் போல் சுமார் ஏழு மடங்கு. இவ்வளவும் காற்றை நசுக்குவதில் செலவாகும்போது, முன்னால் உள்ள காற்றின் மூலக்கூறுகளே சிதைந்து மின்னேற்றம் பெறுகின்றன. சில நிமிடங்கள் வானொலித் தொடர்பு அறுந்துபோவதும் அதனால்தான்.

சூட்டுக்கு உராய்வுதான் காரணம் என்றால், ஊசிபோல் கூரான மூக்குத்தான் சிறந்தது என்று எண்ணத் தோன்றும். தொடக்கக் காலப் பொறியாளர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலன் என்பவர் அதைத் தலைகீழாக்கினார்: மழுங்கிய முகம் அதிர்ச்சி அலையைத் தன்னிடமிருந்து தள்ளி நிறுத்தும், வெப்பத்தில் பெரும்பகுதி கலத்துக்குள் இறங்காமல் காற்றோடு கழிந்துவிடும். 2025 ஜூலை 15 அன்று நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்திலிருந்து திரும்பி வந்த டிராகன் கலமும் மழுங்கிய அடிப்பாகத்தை முன்னிறுத்தியே இறங்கியது. 2007 ஜனவரி 22 அன்று நம் இஸ்ரோ வங்கக் கடலில் பத்திரமாக இறக்கி மீட்ட சுமார் 550 கிலோ எடையுள்ள கலத்தின் மூக்கும் உருண்டையானதே. தடுக்க வேண்டியது சூடான வாயுவை என்பதற்கு, 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை நாம் இழந்ததைவிட வேறு சான்று வேண்டாம். அவர்கள் வந்த கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஏற்பட்டிருந்த ஓட்டை வழியே அந்த வாயு உள்ளே புகுந்துதான் ஓடம் சிதைந்தது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வானிலைப் பகுதிக்குக் கீழே, நிலையம் பெங்களூருக்கு மேலே தெரியும் நாட்களில் நேரம், எழும் திசை, மறையும் திசை ஆகிய மூன்றையும் இரண்டு வரியில் தாங்கள் வெளியிடலாம். உயரத்தைப் பாகையில் மட்டும் அச்சிட்டால் பலருக்கு விளங்காது; கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை என்பதையும் ஒருமுறை சேர்த்துவிட்டால், என் பேத்தியைப் போன்றவர்கள் அடிவானத்திலிருந்து முஷ்டிகளை அடுக்கி எண்ணித் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காற்றுச் சுரங்கப் பணியாளர்,
முருகேஷ்பாளையா, பெங்களூரு.