லாரியில் வந்த பாடகி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் அகதிகளாக வந்த போலந்துக் குழந்தைகளுக்கு ஜாம்நகர் பக்கத்தில் பாலாசடியில் இடம் கொடுத்த நவாநகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி பற்றிய கட்டுரையைப் படித்தேன். வார்சாவில் அவர் நினைவாக ஒரு சதுக்கமே இருப்பதை அறிந்து மனசு நிறைந்தது. ஆனால், அந்தக் குழந்தைகளை மீட்கப் பாடுபட்டு, கூடவே இந்தியாவுக்கு வந்த போலந்துப் பாடகி ஹங்கா ஓர்டோனூவ்னாவின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தும் காணோம். அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

1902இல் வார்சாவில் பிறந்தவர். இயற்பெயர் மரியா பியெத்ருஷின்ஸ்கா. சின்ன வயதிலேயே நடனத்துக்காக மேடையேறி, அப்புறம் பாட்டு, நடிப்பு என்று போலந்தே கொண்டாடும் நட்சத்திரமானார். 1931இல் ஒரு பிரபுவை மணந்தார். 1933இல் ஒரு படத்தில் அவர் பாடிய பாட்டை, 'காதல் உனக்கு எல்லாவற்றையும் மன்னிக்கும்' என்று தொடங்குவதை, அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. இசை ஹென்றிக் வார்ஸ், வரிகள் கவிஞர் யூலியன் துவிம். யூடியூபில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். பெரிய சாரீரம் இல்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு. பழைய இசைத்தட்டின் கரகரப்புக்குள்ளிருந்து நம் காதருகே ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும். ஒரு சொல்கூடப் புரியாத நானே நேற்று ராத்திரி நாலு தடவை கேட்டேன்.

போர் வந்ததும் முதலில் ஜெர்மானியர்கள் வார்சாவின் பாவியாக் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்து லிதுவேனியாவின் வில்னியுசுக்குப் போனால், அங்கே சோவியத் கைது, தொழிலாளர் முகாம். ஏற்கெனவே காசநோய் வேறு. 1941இல் விடுதலையானதும் அவர் தன் உடம்பைப் பார்க்கவில்லை. பெற்றோரை இழந்து பசியில் கிடந்த போலந்துக் குழந்தைகளைத் திரட்டினார். 1942இல் சோவியத் துர்க்மேனிஸ்தானின் அஷ்காபாத்திலிருந்து ஈரான் வழியாக, மலையும் பாலைவனமும் தாண்டி, லாரிகளில் கிளம்பிப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த குழந்தைகளோடு அவரும் வந்தார். பட்டு அங்கியில் மேடை ஏறியவர்!

பிறகு கணவருடன் பெய்ரூட் போனார். 'அலையும் குழந்தைகள்' என்ற புத்தகத்தை 1948இல் வெரோனிகா ஹோர்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1950இல் அங்கேயே காலமானார். நாற்பது வருடம் கழித்துத்தான் அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து பொவான்ஸ்கி கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மகாராஜாவின் பெருமை துளியும் குறைய வேண்டாம். அடுத்த இதழில் இந்த அம்மாவின் படத்தையும் போட்டு, ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்