உன் மருமகள் வீட்டு முன்னோர் பற்றி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே பாஸ்டனில் குளிர் இன்னும் விடவில்லை, மற்றபடி எல்லாரும் சுகம்.

மருமகளின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா, 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு நியூயார்க் வந்தவர், அவருடைய ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் அயர்லாந்து ஆவணங்களில் போய் இறங்காதே. 1922-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டன. 1861-லிருந்து 1891 வரையிலான நான்கையும் அதற்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது. மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான், அதற்குள் உங்கள் ஆள் கப்பலேறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்று வரிக்காக 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடும் இருக்கின்றன, இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அங்கே டவுன்லேண்ட் என்கிற சின்னச் சின்ன ஊர்ப் பிரிவுகள் அறுபதாயிரத்துக்கு மேல், ஊர் தெரியாமல் வெறும் பேட்ரிக் மர்ஃபி என்று தேடினால் ஆயுசு போதாது. அதனால் ஊர்ப் பெயரை அமெரிக்காவிலேயே பிடித்துவிட வேண்டும்.

நியூயார்க் என்பதால் முதலில் எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் ஏடுகளைப் பார். ஐரிஷ்காரர்களுக்காகவே 1850-ல் தொடங்கிய வங்கி. பணம் எடுக்க வருபவர் கணக்குக்காரர்தானா என்று சோதிக்க, எந்தப் பங்குக் கோயில், எந்தக் கப்பல், அப்பா அம்மா பெயர், கூடப் பிறந்தவர்கள் எங்கே என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. அப்புறம், எங்கள் ஊர்ப் பத்திரிகை பைலட். 1831 முதல் தொண்ணூறு வருஷம் காணாமல் போன உறவுகளைத் தேடும் விளம்பரங்கள் அதில் வந்தன. எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன், எந்தத் துறைமுகத்தில் இறங்கினான், கடைசியாக எங்கிருந்து தகவல் வந்தது என்று அண்ணனைத் தேடி ஒரு தங்கை, புருஷனைத் தேடி ஒரு மனைவி எழுதியதைச் சேர்ந்தாற்போல் நாலைந்துக்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே, பெயர் ஒத்துப்போனதும் ஆள் கிடைத்துவிட்டார் என்று நம்பிவிடாதே. 1892 ஜனவரி 1-ல் நியூயார்க்கில் குடியேற வருபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதல் ஆளாக இறங்கிய, அயர்லாந்தின் கார்க் ஊர்ப் பெண் ஆனி மூர், டெக்ஸாஸ் போய் அங்கேயே இறந்தார் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்த டெக்ஸாஸ் ஆனி மூர் பிறந்ததோ இல்லினாய்ஸில்! உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924-ல் இறந்து, கல்லறையில் பெயர்கூட இல்லாமல் கிடந்தார் என்பது 2006-ல்தான் தெரிந்தது. அதனால் உங்கள் ஆளை மட்டும் தேடாமல் அவருடைய தம்பி தங்கைகள், கல்யாணச் சாட்சிகள், பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் எல்லாரையும் தேடு. ஒரே ஊர்க்காரர்கள் பலர் பக்கத்தில் பக்கத்தில்தான் குடியேறினார்கள், ஒருவரின் ஊர் தெரிந்தால் மற்றவருக்கும் அது பெரும்பாலும் பொருந்தும்.

மருமகளிடம் அந்த முன்னோரின் கல்யாணம் எந்த சர்ச்சில் நடந்தது, அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டு எழுது. மார்ச் மாதம் நியூயார்க் போகிறேன், நூலகத்தில் நானே பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்