'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்': எண்ணை உயர்த்துவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற பிழை வந்தால் ஃபைல்-மேக்ஸ் என்னும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மதிப்பை இரண்டு லட்சமாக உயர்த்திவிட்டால் போதும் என்று தங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைச் செய்வதற்கு முன் இப்போது அந்த மதிப்பு எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. கணினியைத் தொடக்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, 2018 டிசம்பரில் வந்த 240ஆம் பதிப்பு முதல், கணினி தொடங்கும்போதே ஃபைல்-மேக்ஸை எட்டக்கூடிய உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. பல கணினிகளில் அங்கே 19 இலக்க எண் இருக்கும். அதை அழித்து 2,00,000 என்று எழுதினால் நாம் உயர்த்தவில்லை, வெட்டிக் குறைத்திருக்கிறோம். பிழையும் அப்படியே நிற்கும்.

(கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் இடும்போது ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். நான் வேறு சொல்லாத இடங்களில் எல்லாம் சிற்றெழுத்துதான்.)

இந்தப் பிழைச் செய்தி ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் வரம்புகள் மூன்று. கணினி முழுவதற்குமான வரம்பு ஒன்று, அதுதான் ஃபைல்-மேக்ஸ். ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) தனியாக ஒரு வரம்பு உண்டு. மூன்றாவது, கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை வசதிக்கு ஒவ்வொரு பயனருக்கும் உள்ள வரம்பு. முதலாவது எட்டப்பட்டால் செய்தியின் கடைசியில் 'இன் சிஸ்டம்' என்ற சொற்களும் சேர்ந்து வரும். பிழை எண் 23. அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் பிழை எண் 24. அப்போது சிக்கல் மற்ற இரண்டில் ஒன்றில் இருக்கிறது. வீட்டுக் கணினியில் 23ஐப் பார்ப்பது அபூர்வம். சந்தேகம் இருந்தால் 'கேட் /ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/ஃபைல்-என்ஆர்' என்று கொடுங்கள். மூன்று எண்கள் வரும். முதல் எண் பயன்பாட்டில் உள்ளது, மூன்றாவது உச்சவரம்பு. நடுவில் உள்ளது இன்றைய கர்னல்களில் எப்போதும் 0. முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் ஃபைல்-மேக்ஸை மறந்துவிடலாம்.

'ஃபைல்' என்ற சொல்தான் பலரைக் குழப்புகிறது. "நான் நாலு கோப்புதானே திறந்து வைத்திருக்கிறேன்" என்பார்கள். கர்னல் ஒரு புராசஸுக்குத் தருவது டோக்கன் எண்கள். கோப்பைத் திறந்தால் ஒரு டோக்கன். வலை இணைப்புக்கு ஒன்று. நிரல்களை இணைக்கும் பைப்புக்கு இரு முனை, இரண்டு டோக்கன். சாதனங்களுக்கும் உள் சமிக்ஞைகளுக்கும் ஒவ்வொன்று. 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு ஆகியவற்றுக்குத் தொடக்கத்திலேயே போய்விடுகின்றன. நூறு டேப் திறந்த உலாவியோ, ஆயிரம் இணைப்பு வைக்கும் டொரன்ட் நிரலோ கோப்பே திறக்காமலும் டோக்கனைத் தீர்த்துவிடலாம்.

எந்த வரம்பு என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். 'பிக்ரெப்' கட்டளையால் அந்த நிரலின் புராசஸ் எண்ணை எடுங்கள். /ப்ராக்/ கோப்புறைக்குள் அந்த எண்ணின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் 'லிமிட்ஸ்' என்ற கோப்பில் 'மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்' வரியைப் பாருங்கள். இரண்டு எண்கள் காணப்படும். பிறகு அதே இடத்தில் உள்ள 'எஃப்டி' கோப்புறையில் எத்தனை உருப்படிகள் என்று 'எல்எஸ்' வெளியீட்டை 'டபிள்யூசி -எல்' கட்டளைக்கு அனுப்பி எண்ணுங்கள். வரம்பு 1024, எண்ணிக்கை 1020 என்றால் புராசஸ் வரம்பு நிரம்பிவிட்டது. வரம்பு 1024, எண்ணிக்கை வெறும் 60, ஆனாலும் பிழை வருகிறது என்றால் ஐநோட்டிஃபை பக்கம் திரும்புங்கள். எண்ணுவதற்கு, திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' வேண்டாம். அது நினைவகத்தில் ஏற்றிய நூலகங்கள், நடப்புக் கோப்புறை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். 300 டோக்கன் உள்ள நிரலுக்கு 600 வரி வந்தால் வீண் பயம்தான் மிச்சம்.

நிரல் தொடங்கியவுடனே செத்துவிடுகிறது, எண்ண நேரமில்லை என்றால் நிரல் கர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் 'எஸ்ட்ரேஸ் -எஃப்' வைத்து ஓட்டுங்கள். பிழை 'ஓப்பன்அட்' அல்லது 'சாக்கெட்' அழைப்பில் விழுந்தால் புராசஸ் வரம்பு. 'ஐநோட்டிஃபை_இனிட்1' அழைப்பில் விழுந்தால், முதலில் டோக்கன் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, மூன்றாவது வரம்பைச் சரிசெய்யலாம்.

அந்த மூன்றாவது வரம்பைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. மேசைக்கணினியில் அடிக்கடி நிரம்புவதும் அதுதான். கோப்பு மேலாளர், நிரல் எழுதும் எடிட்டர், ஒத்திசைவு நிரல், டெஸ்க்டாப்பின் பின்னணிச் சேவைகள் என ஒவ்வொன்றும் ஒரு ஐநோட்டிஃபை கைப்பிடியாவது எடுக்கும். ஒரு பயனருக்கு மொத்தம் 128 என்பது பல லினக்ஸ் விநியோகங்களில் இன்னும் இயல்பான மதிப்பு. 129ஆவது கேட்பவருக்குக் கிடைப்பது 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. புராசஸ் வரம்பை மாற்றும் யூலிமிட் கட்டளையால் எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் இது அசையாது. 'டெய்ல் -எஃப்' கட்டளை "ஐநோட்டிஃபை பயன்படுத்த முடியவில்லை, போலிங் முறைக்கு (அவ்வப்போது நானே போய்ப் பார்ப்பதற்கு) மாறுகிறேன்" என்ற பொருளில் முனகினாலும், சிஸ்டம்டியின் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளை, கோப்புறைக் கண்காணிப்பை ஒதுக்க முடியவில்லை என்றாலும் காரணம் இதுவே.

யார் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, /ப்ராக்/ கோப்புறையில் உள்ள எல்லா 'எஃப்டி' கோப்புறைகளிலும் 'ஃபைண்ட்' கட்டளையை '-எல்நேம் அனான்_ஐநோட்:ஐநோட்டிஃபை' என்ற நிபந்தனையோடு ஓட்டலாம். வெளியீட்டில் வரும் புராசஸ் எண்களில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் பெருந்தீனி. நியாயமான தேவைதான் என்றால் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/ கோப்புறையில் '60-ஐநோட்டிஃபை.கான்ஃப்' போல ஒரு கோப்பு உருவாக்கி, 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ் = 512' என்று ஒரே வரி எழுதி, 'சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' கொடுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. தவறிய நிரலை மட்டும் மூடித் திறந்தால் போதும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: மேக்ஸ்_யூசர்_வாட்சஸ். கைப்பிடிகளின் எண்ணிக்கை அல்ல, கண்காணிக்கும் கோப்புகள், கோப்புறைகளின் எண்ணிக்கை. இது தீர்ந்தால் வரும் செய்தி 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. வட்டு நிறைந்துவிட்டதாக நினைத்துப் படங்களை அழிக்கத் தொடங்கிவிடாதீர்கள். வட்டின் நிலையைக் காட்டும் 'டிஎஃப்', 'டிஎஃப் -ஐ' இரண்டிலும் இடம் இருக்கிறது என்று காட்டினால் வாட்ச்தான் தீர்ந்திருக்கிறது. 8192 என்பது பழைய இயல்பு மதிப்பு. 2021இல் வந்த 5.11 கர்னலிலிருந்து நினைவகத்தின் அளவுக்கு ஏற்ப 10,48,576 வரை தானே போகிறது. பழைய கர்னல் என்றால் 5,24,288 வைக்கலாம். ஒரு வாட்சுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட் கர்னல் நினைவகம் செலவாகும், அதுவும் பயன்படுத்தினால் மட்டுமே.

இனி புராசஸ் வரம்பு. லிமிட்ஸ் கோப்பில் இரண்டு எண்கள் என்றேன் அல்லவா? முதலாவது சாஃப்ட், இரண்டாவது ஹார்டு. மென்வரம்பு, வன்வரம்பு என்று வைத்துக்கொள்வோம். இப்போது அமலில் இருப்பது மென்வரம்பு. வன்வரம்பு வரை அதை ஏற்றிக்கொள்ள நிரலுக்கே உரிமை உண்டு, ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டாம். சிஸ்டம்டியில் இயல்பு 1024, 5,24,288. மென்வரம்பை இன்னும் 1024இலேயே வைத்திருப்பது கஞ்சத்தனம் அல்ல. 'செலக்ட்' என்ற பழைய அழைப்பு 1023 வரையிலான டோக்கன் எண்களைத்தான் கையாளும். அதற்கு மேற்பட்ட எண் வந்தால் வரம்பு மீறி நினைவகத்தைச் சிதைத்துவிடும். மொத்தக் கணினிக்கும் மென்வரம்பை ஏற்றினால், இதுவரை பிழை சொல்லி நின்ற பழைய நிரல் இனி சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும். ஆகவே தேவைப்படும் நிரலுக்கு மட்டும் ஏற்றுவதே முறை.

டெர்மினலில் 'யூலிமிட் -எஸ்என் 8192' கொடுத்து (எஸ் பேரெழுத்து, என் சிற்றெழுத்து) அதே டெர்மினலிலிருந்து நிரலைத் தொடங்குங்கள். எஸ் போடாமல் '-என் 8192' என்று மட்டும் கொடுத்தால் பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) இரண்டு வரம்பையுமே 8192 ஆக்கிவிடும். அந்த டெர்மினலில் வன்வரம்பைத் திரும்ப ஏற்றவே முடியாது. மூடிவிட்டுப் புதிது திறக்க வேண்டியதுதான். 'சூடோ யூலிமிட்' வேலை செய்யாது. யூலிமிட் தனி நிரல் அல்ல, ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை; சூடோவுக்கு அப்படி ஒரு நிரல் கண்ணில் படாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மூட மனமில்லை என்றால் 'பிஆர்லிமிட் --பிஐடி' என்று எண்ணைக் கொடுத்து, '--நோஃபைல்=8192:' என்று சேருங்கள். கடைசியில் உள்ள முக்காற்புள்ளி முக்கியம். மென்வரம்பை மட்டும் மாற்று என்பது அதன் பொருள். பயனர் சேவையாக ஓடும் நிரல் என்றால் 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் எடிட்' வழியாக அதன் சர்வீஸ் பிரிவில் (சதுர அடைப்புக்குள், முதல் எழுத்து பேரெழுத்து) 'லிமிட்நோஃபைல்=8192:524288' போடலாம். லிமிட் என்பதில் முதல் எழுத்தும், நோஃபைல் முழுவதும் பேரெழுத்து.

வன்வரம்பே 4096 என்று நிற்கும் பழைய கணினிகளில்தான் கணினி அளவிலான மாற்றம் வேண்டும். /ஈடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். அந்தக் கோப்பைப் படிப்பது பாம் என்னும் உள்நுழைவுப் பகுதி. இன்றைய டெஸ்க்டாப்பில் டெர்மினல் உட்பட பல நிரல்கள் பயனரின் சிஸ்டம்டி மேலாளருக்குக் கீழே பிறக்கின்றன. பல விநியோகங்களில் அந்த வழிக்கு லிமிட்ஸ்.கான்ஃப் எட்டுவதில்லை. எழுத்துக் கன்சோலில் நுழைந்தால் புதிய எண், வரைகலை டெர்மினலில் பழைய எண் என்று தெரிந்தால் இதுவே காரணம். /ஈடிசி/சிஸ்டம்டி/ கோப்புறைக்குள் சிஸ்டம்.கான்ஃப்.டி, யூசர்.கான்ஃப்.டி என்ற இரண்டு துணைக்கோப்புறைகளிலும் ஒவ்வொரு கோப்பு வைத்து, மேனேஜர் பிரிவின் கீழ் (இதற்கும் சதுர அடைப்பு, முதல் எழுத்து பேரெழுத்து) 'டிஃபால்ட்லிமிட்நோஃபைல்=1024:524288' என்று எழுதுங்கள். இந்த வரியில் டிஃபால்ட், லிமிட் என்பவற்றின் முதல் எழுத்துகளும், நோஃபைல் முழுவதும் பேரெழுத்து. வெளியேறி மீண்டும் நுழைந்தால் பழைய மேலாளரே உயிரோடு இருக்கக்கூடும். கணினியை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

எந்த இடத்திலும் 'அன்லிமிடெட்' என்று எழுதுவது வேண்டாம். வரம்புக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. என்ஆர்_ஓப்பன் என்பது அதன் பெயர், கர்னலின் இயல்பு மதிப்பு 10,48,576. லிமிட்ஸ்.கான்ஃபில் அதைத் தாண்டி எழுதினால் அமைப்பதே தோல்வியடைந்து, உள்நுழையவே முடியாமல் போகலாம். மாற்றிய பின் பழைய அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு கன்சோலில் நுழைந்து சோதிப்பது பாதுகாப்பு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது: எண்ணை ஏற்றவே கூடாத நேரமும் உண்டு. நிரல் சும்மா இருக்கும்போதும் டோக்கன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று 'வாட்ச் -என் 60' வைத்து அரை மணி நேரம் பாருங்கள். 200, 240, 280 என்று படி ஏறினால் அது கசிவு. திறந்ததை மூட மறந்த நிரல். வரம்பை எட்டு மடங்கு ஆக்கினால் இன்று மாலை விழ வேண்டியது சில நாள் கழித்து விழும், அவ்வளவே. 'எஃப்டி' கோப்புறையில் 'எல்எஸ் -எல்' கொடுத்தால் ஒவ்வொரு டோக்கனும் எதைக் காட்டுகிறது என்று தெரியும். ஒரே கோப்பு நூறு முறை வருகிறதா, சாக்கெட்டுகளா, பெயருக்குப் பின்னால் 'டிலீட்டட்' என்று நிற்கும் அழிக்கப்பட்ட கோப்புகளா? அந்தப் பட்டியலை நிரலை உருவாக்கியவர்களுக்குப் பிழை அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள். அவர்கள் திருத்தும் வரை நிரலை அவ்வப்போது மூடித் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த முறை இத்தகைய குறிப்பை வெளியிடும்போது, ஃபைல்-என்ஆர் பார்க்கும் அந்த ஒரு வரியையாவது முதலில் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் பராமரிப்புப் பணியிலுள்ள ஒரு வாசகர்