கறிவேப்பிலையில் ஓட்டை விழுந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பட்டாம்பூச்சிகளுக்காக வீட்டுத் தோட்டம் போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நான்கு பக்கம் தள்ளி, வாசகர் கேள்விக்குப் பதிலாக, கறிவேப்பிலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்தப் புழுதான் ஐயா கறிவேப்பிலை அழகி! கட்டுரையில் பெரிதாகப் போட்டிருந்தீர்களே, அதே பட்டாம்பூச்சி.

கட்டுரையில் சொன்ன செடிகளைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை. உன்னிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நம் மலைக்காடுகளில் புல்லுக்குக்கூட இடம் விடாமல் அடைத்துக் கிடப்பது. அதைத் தொட்டியில் வாங்கி வைக்கச் சொல்லலாமா? தரையை மூட நர்சரியில் தருகிற வெடலியாவும் வெளியூர்ச் செடிதான். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து நானே வாங்கி வந்து ஏமாந்திருக்கிறேன். இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது வெடலியா. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தும் இன்னும் தண்ணீர்க் குழாயடியில் எட்டிப் பார்க்கிறது.

தேன் குடிக்கப் பட்டாம்பூச்சிக்குப் பல பூக்கள் உண்டு. முட்டை வைக்கத்தான் அது செடி பார்க்கும். கோவைக்குக் கிழக்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் காலி இடம் இருக்கிறது. நாலு வருடமாக அதில் எதையும் களை என்று பிடுங்குவதில்லை. மதிலோரம் எருக்கு தானாக வந்தது. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் குருவிகள் அதைக் கொத்துவதில்லை. எருக்கம்பூவுக்கு வருகிற பெரிய கருவண்டு உண்மையில் ஒரு தேனீ. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் தச்சன் தேனீ என்பார்கள். அது கத்தரிப்பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். என் கத்தரிச்செடி காய்க்க நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. (எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எட்டாத மூலையில் விடுங்கள்.)

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறொன்று. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் ஆணைப் போலவே இருக்கும். மற்றவை வேஷம் போடும். சில ரோசா அழகியைப் போல, சில சிவப்புடல் அழகியைப் போல. அந்த இரண்டு அழகிகளும் ஆடுதீண்டாப்பாளையின் இலையைத் தின்று நஞ்சேறியவை, பறவைகள் ஒதுக்குபவை. அவற்றின் சட்டையை மாட்டிக்கொண்டால் நஞ்சில்லாத இவளும் தப்பலாம். ஆனால் அந்தச் சட்டைக்குப் பயப்படப் பறவைக்கு முதலில் அசல் அழகியைத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஊரில் பாளை இல்லாமல் போனால் என் கறிவேப்பிலை மரத்தடியில் போடுகிற வேஷம் எதற்கு உதவும்? வயல் வரப்பிலும் காலி மனையிலும் படர்ந்து கிடக்கிற, ஆடுகூடத் தொடாத கொடி அது. நாட்டு மருந்து என்று அதை யாரும் அரைத்துக் குடித்துவிட வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

போன தீபாவளிக்கு முன்னால், தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று எங்கள் பகுதியில் களைக்கொல்லி அடித்தார்கள். வெளிமதிலை ஒட்டியிருந்த தும்பையும் பாளையும் ஒரே நாளில் கருகின. அடுத்த மழைக்கு விழுந்து கிடந்த விதையிலிருந்து தும்பை வந்துவிட்டது. பாளை இன்னும் வரவில்லை. கேட்டால், "ஏனுங்கக்கா, பொதராட்டம் கெடந்தா பாம்பு வந்துறாதுங்களா?" என்கிறார்கள். சரி, பயம் நியாயம்தான். பாம்பு எலியைத் தேடி வருவது. குப்பையும் செங்கல் குவியலும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நடைபாதையோரத்தைக் கத்தரித்து வைத்தால் போதும். டெங்குக் கொசுவும் செடியில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான். செடித்தொட்டியின் அடித்தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு காலத்தில் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற தடத்தில், ஒடித்து வந்தவை. உங்கள் தோட்டப் பகுதியில் வெளியூர்ச் செடிகளுக்குக் கொடுக்கிற இடத்தில், மாதம் ஒரு நாட்டுப் பூச்செடியைப் பற்றி எழுதலாமே? ஆவாரையில் தொடங்குங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஐப்பசி மழைக்கு முன் விதைத்தால் முளைக்கும். தும்பைக்கு அந்த வேலையும் இல்லை, காய்ந்த பூக்கொத்தை மண்மேல் உதறிவிட்டால் போதும்.

அப்புறம், அந்தக் கறிவேப்பிலைக் கேள்வி கேட்ட வாசகருக்கு: புழுவை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி, ஒரு வாடையும் விடும். இரண்டு வாரம் ரசத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மரம் மறுபடி துளிர்க்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை மாவட்டம்