பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைப் புதுப்பித்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடிகார வணிகர்களுக்கும் பழுதுநீக்கும் கைவினைஞர்களுக்கும்,

வணக்கம். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வரும் ஆர்வலன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மறுபடி வண்ணம் பூசிய டயலை, பூசியது என்று சொல்லியே விற்க வேண்டும்.

ஈராண்டுகளுக்கு முன் ஒருவரிடம் ஜனதா என்னும் மாதிரியில் நீல நிறக் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். டயல் முதற்கொண்டு அனைத்தும் அசல் என்று அவர் உறுதியாகச் சொன்னார். படத்தில் பார்த்தபோது எனக்கும் ஐயம் எழவில்லை. கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். 'எம்' எழுத்தின் நடுப்பள்ளம் மையால் அடைபட்டிருந்தது. நிமிடக் கோடுகளில் சில தடித்தும் சில மெலிந்தும் இருந்தன. பன்னிரண்டாம் கோடு எழுத்துகளின் நடுவிலிருந்து சற்றே விலகி நின்றது. பின்மூடியைத் திறந்து மெஷினை வெளியே எடுத்தபோதுதான் உண்மை முழுவதும் தெரிந்தது. கேஸின், அதாவது வெளிக்கூட்டின், விளிம்பு மறைத்திருந்த இடத்தில், நீலப் பூச்சு எட்டாத ஓரத்தில், தலைமுடி அகலத்துக்குப் பழைய வெள்ளி நிற டயல் எஞ்சியிருந்தது. அதன் நுண்ணிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. ஓரளவு கறைபட்டிருந்தாலும் அந்த டயலை அப்படியே விட்டிருந்தால், கேட்ட விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

இந்தக் கடிகாரங்களில் அசலைக் கண்டறிவது ஏன் கடினம் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி, பிறகு பல ஆலைகளுக்கு விரிந்து, எண்ணற்ற மாதிரிகளாகப் பெருகியது. ஜனதா, பைலட் முதலிய பல மாதிரிகளுக்குள் ஓடுவது உராய்வைக் குறைக்கப் பதினேழு கல் வைத்த, 0231 என்னும் எண் கொண்ட அதே மெஷின்தான். ஆகவே ஒன்றின் டயலையும் மற்றொன்றின் முள்ளையும் வேறொன்றின் கேஸையும் சேர்த்தால், நன்றாக ஓடும் ஒரு கடிகாரம் கிடைத்துவிடும். உள்ளே இருப்பது எச்.எம்.டி. மெஷின் என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தக் கடிகாரம் அந்த வடிவில் ஆலையை விட்டு ஒருநாளும் வெளியே வந்திருக்காது. மெஷின் அசல் என்பதை மட்டும் சொல்லி ஒருவர் விற்றால், அது பாதி உண்மை.

எனவே நாங்கள் சிறு சிறு முரண்களைத் தேடுகிறோம். குரோம் பூச்சு தேய்ந்து பட்டையை மாட்டும் லக் முனைகளில் பித்தளை தெரியும் கேஸுக்குள், கறையோ மங்கலோ இல்லாத டயல் இருந்தால் ஐயப்படுகிறோம். பல பத்தாண்டுகளுக்கு முன் பூசியிருக்க வேண்டிய ஒளிர்பூச்சு இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், அது அண்மையில் பூசியது என்று முடிவுசெய்கிறோம். டயலைத் தாங்கும் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டியிருந்தால், அது வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தது என்று கொள்கிறோம். இவற்றுள் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மூன்று நான்கு சேரும்போதுதான் துணிந்து பேச முடிகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாற்றுவதையோ, சாவித் திருகு மாற்றுவதையோ, உடைந்த ஸ்பிரிங்குக்கு வேறு போடுவதையோ நான் குறையாகக் கருதவில்லை. நாள்தோறும் கையில் கட்டிய பொருளுக்கு அவை வேண்டியவை. உங்கள் கைத்திறன் இல்லையேல் என்னிடமுள்ள கடிகாரங்களில் பாதி இன்று ஓடாது. கேஸைத் தேய்த்து மெருகேற்றுவதைக்கூட வருத்தத்தோடு பொறுத்துக்கொள்கிறேன். டயல் அப்படிப்பட்டதன்று. அந்தக் கடிகாரம் எது, எந்தக் காலத்தது என்று சொல்லும் முகம் அதுதான். சுரண்டிவிட்டால் திரும்ப வராது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே, இன்று நீங்கள் உப்புத்தாளால் தேய்க்கும் ஒவ்வொரு பழைய டயலும், இருப்பதில் ஒன்று குறைவதாகவே ஆகிறது.

துருவேறி எழுத்தே தெரியாத டயலுக்கு வண்ணம் பூசத்தான் வேண்டும் என்றால் பூசுங்கள். பூசும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பாகங்கள் எவை என்று இரண்டு வரி எழுதி, அந்தப் படத்தோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுங்கள். கழற்றிய பழைய டயல் எதுவாயினும், எவ்வளவு கறை படிந்திருந்தாலும், அதை எறியாமல் ஒரு சிறு உறையிலிட்டுக் கடிகாரத்தோடு தந்துவிடுங்கள். அவ்வாறு எழுதித் தருவோரிடம், மறுவண்ணம் பூசிய கடிகாரத்தையும் விலை பேசாமல் வாங்க நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு சேகரிப்பாளர்