செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். தூண்டில் போட்டி மழையால் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை. தீபாவளி விருந்துக்கு மட்டும் நாற்காலி போதவில்லை.

இனி ஆற்றில் பெருகிவிட்ட பண்டாராயா மீனை, அதாவது உறிஞ்சுவாய்க் கெளுத்தியை, பிடித்து அகற்றும் பணி. செயலாளர் சங்கக் காசைச் சேற்றில் கொட்டுகிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடியதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மீனின் சொந்த ஊர் தென்னமெரிக்கா, அமேசான் ஆற்றுப் பக்கம். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்கி வருகிறோம். அது ஒன்றரை அடிக்கு வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொண்டதும் வாய்க்காலில் விட்டுவிடுகிறோம். வாய்க்கால் போய்ச் சேருவது நம் சிலாங்கூர் லங்காட் ஆற்றில். அங்கே அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு பாசி, மக்கிய சருகு எல்லாவற்றையும் உறிஞ்சித் தின்கிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. விழுங்க வரும் மீனும் யோசிக்கும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையாலேயே சுவாசிக்கும். நாங்கள் பிடித்து வெறும் வாளியில் போட்டவை, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

கரை ஏன் சரிகிறது என்று போன கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. ஆண் மீன் கரையைக் குடைந்து பொந்து போடும். சில பொந்து ஒரு மீட்டர் உள்ளே போகும். பெண் அதில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஆண் காவல் காக்கும். பொந்து பெருகினால் கரை நிற்குமா? மெக்சிகோவின் இன்ஃபியர்னிலோ நீர்த்தேக்கத்தில் இந்த மீன் பெருகி, திலாப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலை நாசமாகி, தொழிலே படுத்துவிட்டது. நம் பக்கமும் பாவோங் என்ற நாட்டுக் கெளுத்தி விழுந்த வலையில் இப்போது இதுதான் விழுகிறது. தூக்கியதும் பக்கத் துடுப்பு முள்ளை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலைக் கண்ணியை அறுத்தால்தான் மீன் கையில் வரும். வலைச் செலவு கூடியது அதனால்தான், வேறு மர்மம் இல்லை. பிடித்தவற்றைக் கோயில் வாழைகளுக்கு அடியில் புதைத்தோம். குலை எப்படித் தள்ளியிருக்கிறது என்று போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

பெயர் கொடுத்தவர்கள் நிறைய. ஆற்றில் இறங்கியவர்கள் தலைவர், பொருளாளர், நான், பள்ளி விடுமுறையில் வந்த பிள்ளைகள். மற்றவர்கள் படத்துக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். அதற்கும் நன்றி.

கணக்கைப் பொறுத்தவரை, வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பாக்கிக்காரர்களின் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் போட்டுத் தந்த மகளிர் பிரிவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே பொந்துகளைத் தேடி முட்டையோடு எடுக்க வேண்டும். அதற்குப் புது வலையும், முழங்கால் வரை சேற்றில் நிற்கத் தயாரான ஆட்களும் தேவை. உடல்நிலை காரணமாக நான் விலகிக்கொள்ள நினைத்தேன். செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு வேட்புமனுகூட வரவில்லை. மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும்.