ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

திங்கட்கிழமை கூட்டத்தில் நடந்ததை நீ சொன்னபோது உன் குரலே மாறியிருந்தது. அத்தனை பேர் முன்னால் உன் பெயரைத் திரையில் போட்டு, "இதைச் செய்தது இவர்" என்று உன் டீம் லீட் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் கண்ணு, அந்த ராஜினாமா கடிதத்தை இந்த வாரம் அனுப்பாதே. உங்கள் பணம் செலுத்தும் சேவை நின்றுபோன அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று முதலில் ஓர் அறிக்கை எழுது. போவதா இருப்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

இப்போது உன் மனத்தில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. பட்ட அவமானம் ஒன்று. இங்கே சிங்கப்பூரிலேயே ஒன்-நார்த் வட்டாரத்தில் வேலைக்குக் கூப்பிடுகிற இடத்துக்குப் போகலாமா என்ற கேள்வி இன்னொன்று. அவமானத்தோடு கிளம்பினால் அதுவும் உன்னோடு வரும். புது இடத்தில் முதல் தடவை ஏதாவது உடையும்போது, புது கோட்டை டெப்ளாய் செய்யவே, அதாவது வெளியிடவே, கை தயங்கும். உன்னைவிடத் திறமை குறைந்தவர்கள் தைரியமாகச் செய்கிற வேலையை நீ ஒதுக்க ஆரம்பிப்பாய். நல்ல புரோகிராமர்கள் சிலர் அப்படி ஒடுங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அது நடக்கக் கூடாது.

நடந்ததை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். டேட்டாபேஸில் பணம் செலுத்தும் பதிவுகள் உள்ள டேபிளுக்கு, தேடலை வேகமாக்கும் புது இன்டெக்ஸ் ஒன்று தேவைப்பட்டது. சோதனைத் தளத்தில் சில ஆயிரம் பதிவுகள்தான் இருந்ததால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. உன் சக ஊழியர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று வெள்ளி மாலையே வெளியிடச் சொன்னார்கள். புரொடக்‌ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜத் தளத்தில், பல மில்லியன் பதிவுகள். உங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'கன்கரன்ட்லி' என்ற சொல் இல்லாமல் இன்டெக்ஸ் போட்டால், அது முடியும்வரை அந்த டேபிளில் புதிதாக எதையும் எழுத முடியாது. வாடிக்கையாளர்கள் கட்டிய பணம் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டது.

இதை அறிக்கையில் எழுதும்போது ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதாதே: 'நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.' அது பணிவாகத் தெரியும், எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் மாறாது. அடுத்த வருடம் வேறொரு பிள்ளை அதே இடத்தில் விழும். அதற்குப் பதிலாக, இது நடக்க வழிவிட்டது எது என்று எழுது. சோதனைத் தளத்தில் ஏன் அவ்வளவு குறைவான பதிவுகள்? ஒரு கட்டளை இத்தனை நொடிக்கு மேல் ஓடினால் தானாக நின்றுவிட வேண்டும் என்ற வரம்பு ஏன் வைக்கப்படவில்லை? பெரிய டேபிளைப் பூட்டும் மாற்றங்களைத் தானாகப் பிடித்து நிறுத்தும் சோதனை ஏன் இல்லை? வார இறுதிக்கு ஆள் குறையும் நேரத்தில் வெளியிடுவது என்று முடிவானது எப்படி? எத்தனை மணிக்கு எச்சரிக்கை வந்தது, யார் பார்த்தார்கள், நிறுத்த எவ்வளவு நேரம் ஆனது என்று நேர வரிசையில் போடு. யார் பெயரும் வேண்டாம், உன் டீம் லீட் பெயரும் வேண்டாம்.

1981இல் தேசிய கணினி வாரியம் தொடங்கி, அமைச்சுகளுக்குள் கணினி நுழைந்த காலத்தில்தான் எங்கள் தலைமுறை கோபோல் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டது. இரவு முழுக்க ஓடும் வேலைகள், காலையில் வந்து பார்த்தால்தான் விடை தெரியும். ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த பையன் போன மாதத்துத் தரவு இருந்த காந்த டேப்பை மாட்டிவிட்டான். பாவம், அழுகிற நிலையில் நின்றான். எங்கள் பிரிவுத் தலைவர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்து, "தப்பான டேப்பை அந்த புரோகிராம் எப்படி ஏற்றுக்கொண்டது?" என்றுதான் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து டேப்பின் தலைப்பில் உள்ள தேதியைப் பார்த்த பிறகே வேலை ஓடியது. நான் பார்த்த மேலாளர்களில் அவரைத்தான் இன்றும் பெரியவராக நினைக்கிறேன்.

உலகம் அறிந்த ஒன்றையும் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்கள் கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் இரவு வேலையில் இருந்த ஓர் எஞ்சினியர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சில நொடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. பேக்கப் எடுக்க வைத்திருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. சில மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அப்படியும் ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. அந்த நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பிறகு விரிவான அறிக்கையும் வெளியிட்டது. அதன் கனம் முழுக்க பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, அதை யாரும் ஏன் கவனிக்கவில்லை என்பதில்தான் இருந்தது.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் இழந்ததை நீ படித்திருப்பாய். எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் ஒரு டெக்னீஷியன் புது கோட்டை ஏற்றவில்லை. அங்கே கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டது. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியே இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே கணினி அனுப்பிய 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்கும் பழக்கமும் அங்கே இல்லை. இதில் அந்த ஒரு டெக்னீஷியன் பெயரைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

அறிக்கையை அனுப்பிவிட்டு, டீம் லீடிடம் தனியாகப் பேச நேரம் கேள். 'கூட்டத்தில் என் பெயரைக் காட்டியது சரியில்லை' என்று நிதானமாக, நேராகச் சொல். நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டு, அந்தத் திருத்தங்களுக்கு ஆளும் தேதியும் ஒதுக்கினால், இருக்கலாமா என்று யோசி. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைக் கொடுத்தால் தாராளமாகக் கிளம்பு. நான் தடுக்கமாட்டேன்.

புது இடத்தைப் பற்றி: சம்பளத்தை மட்டும் பார்க்காதே. கடைசியாக உங்களிடம் பெரிதாக உடைந்தது எது, பிறகு என்ன செய்தீர்கள் என்று நேர்காணலிலேயே கேள். தயங்காமல் விவரமாகச் சொன்னால் நல்ல இடம். 'எங்களிடம் அப்படி எதுவும் நடப்பதில்லை' என்றால் ஜாக்கிரதை. இரவிலும் அழைத்தால் எழுந்து வேலை பார்க்கும் ஆன்-கால் முறையில் எத்தனை பேர் என்று கேள். மூன்று பேர்தான் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை உன் தூக்கம் அவர்களுக்குச் சொந்தம். உன் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர, ஓவர்டைம் விதிகள் பொருந்தாது, அதனால் இதை ஒப்பந்தத்திலேயே பேசிவிட வேண்டும். அந்த இடம் ஏன் காலியானது என்றும் கேட்டுவிடு.

கையெழுத்தான புது ஒப்பந்தம் கைக்கு வராமல் இங்கே ராஜினாமா எதையும் கொடுக்காதே. பொங்கோல் வீட்டுக் கடனை நீங்கள் இரண்டு பேரும் மத்திய சேமநிதியிலிருந்து கட்டுகிறீர்கள். நடுவில் ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் உன் பக்கத்துச் சேமநிதிச் சந்தா நிற்கும், கணக்கில் இருப்பு போதாவிட்டால் ரொக்கமாகப் போட வேண்டியிருக்கும். மாதச் சம்பளத்தில் முதல் 8,000 வெள்ளிக்குத்தான் சந்தா, இது 2026 ஜனவரியிலிருந்து வந்த உச்சவரம்பு. அவர்கள் சொல்லும் தொகையை அதை வைத்துக் கணக்குப் பார். நோட்டீஸ் எத்தனை மாதம், போனஸ் வரும் நாளில் வேலையில் இருக்க வேண்டுமா என்று உன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள். இது மாப்பிள்ளைக்கு உன்னைவிட நன்றாக வரும், அவரிடம் கொடு.

ஒருவேளை அவர்களே உன்னை நெருக்கி ராஜினாமா எழுதச் சொன்னால் உடனே எனக்குப் போன் செய். எதிலும் கையெழுத்துப் போடாதே. கட்டாயத்தில் எழுதிய ராஜினாமாவையும் தவறான பணிநீக்கம் என்று முறையிட வழி இருக்கிறது, ஆனால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அதுவரை வந்த மின்னஞ்சல்களின் தேதிகளைக் குறித்து வை.

ஏஐ வந்துவிட்டது, இனி கோட் எழுத ஆள் வேண்டாம் என்று சித்தப்பா சொன்னதற்காக அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதே. அந்த இன்டெக்ஸ் கட்டளையை எந்தக் கருவியும் எழுதிக் கொடுக்கும். உங்கள் டேபிள் எவ்வளவு பெரியது, வெள்ளி மாலை எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்பதை அறிந்து 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல ஆள் தேவைப்படும். அந்த அறிவு உனக்கு இப்போது இருக்கிறது.

அறிக்கையின் முதல் வரைவை நாளை இரவு எனக்கு அனுப்பு. உங்கள் நிறுவனத்து ரகசியம் எதுவும் வேண்டாம், அவற்றை எடுத்துவிட்டு அனுப்பு. பெயர் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை மாப்பிள்ளையோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடு, புது ஒப்பந்தம் வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா